ஜீப் கிளம்பிய பிறகு வீட்டு நாய்: தனிமைப் பயத்தைத் தடுக்கவும் தணிக்கவும் முழுமையான வழிகாட்டி

தேனி மாவட்டத்தில் கம்பம், கூடலூர், தேவாரம், போடிப் பக்கம் நாய் வளர்ப்பவர்களுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. விடியற்காலையிலேயே தெருமுனையில் ஜீப் வந்து ஹாரன் அடிக்கும். கம்பம்மெட்டு, குமுளி, போடிமெட்டு என்று ஏதோ ஒரு வழியாக மலையேறி கேரளத்தின் வண்டன்மேடு, நெடுங்கண்டம், உடும்பன்சோலைப் பக்கத்து ஏலக்காய்த் தோட்டங்களுக்குப் போனவர்கள் வீடு திரும்பப் பொழுது சாய்ந்துவிடும். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்விடுவார்கள். வீட்டில் நாய் மட்டும். சாயங்காலம் வந்து பார்த்தால் கதவின் அடிப்பக்கம் பிறாண்டிக் கிடக்கும், பாய் கிழிந்திருக்கும், நடுவீட்டில் மூத்திரம். பக்கத்து வீட்டு மதினி வாசலிலேயே பிடித்துக்கொள்வார்: "பகல் பூரா ஒரே ஊளை. என்னன்னு பாருங்கண்ணே."

விட்டுவிட்டுப் போன கோபத்தில் செய்கிறது என்றுதான் பெரும்பாலானோர் நினைக்கிறார்கள். நாய்க்கு அப்படித் திட்டம் போட்டுப் பழிவாங்கத் தெரியாது. அது பயம். வீட்டு ஆட்கள் கண்ணை விட்டு மறைந்ததும் மூச்சு இரைத்து, எச்சில் வடிய, எப்படியாவது அவர்களிடம் போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்று கதவைக் கிழிக்க வைக்கிற பயம். கால்நடை மருத்துவர்கள் செப்பரேஷன் ஆங்சைட்டி என்பார்கள். இங்கே தனிமைப் பயம் என்றே சொல்லிக்கொள்வோம்.

சரி, நாம் உள்ளே வந்ததும் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு மூலையில் ஒதுங்குகிறதே, தப்பு செய்தது தெரிந்துதானே என்று கேட்பீர்கள். அமெரிக்காவின் பார்னார்ட் கல்லூரியைச் சேர்ந்த அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் சோதித்துப் பார்த்தது. தின்பண்டத்தைத் தொடக் கூடாது என்று நாயிடம் சொல்லிவிட்டு வளர்ப்பவர் வெளியே போவார். திரும்பி வந்தபோது அந்தக் 'குற்றவாளி முகம்' வந்ததற்கும், நாய் உண்மையில் தின்றதா என்பதற்கும் சம்பந்தமே இல்லை. வந்தவர் திட்டினாரா என்பதைப் பொறுத்துத்தான் வந்தது. தின்னாமலே திட்டு வாங்கிய நாய்கள்தான் அதிகம் கூனிக் குறுகின. ஆக, சாயங்காலம் விளக்குமாற்றை எடுத்தால் காலையில் நடந்ததற்கான தண்டனை என்று நாய்க்குப் புரியாது. நாம் போவதற்குப் பயந்த நாய், நாம் வருவதற்கும் சேர்த்துப் பயப்படும். அவ்வளவுதான் மிச்சம்.

இந்த வழிகாட்டி முழுக்க ஒரே அடிப்படைதான். பயம் எந்த நிமிடத்தில் தொடங்குகிறது என்று கண்டுபிடித்து, அதற்கு முன்பே திரும்பி வந்து, அந்த நிமிடத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிக்கொண்டே போவது. மற்றதெல்லாம் இதற்குத் துணை.

முதலில் செல்போனை வையுங்கள்

பழைய செல்போன் ஒன்றை அலமாரி மேல் சாய்த்து, கதவும் நாயும் தெரிகிற மாதிரி வீடியோவை ஓடவிட்டு, வழக்கம்போலக் கிளம்புங்கள். வழக்கம்போல என்பது முக்கியம். டிபன் கேரியரை எடுக்க வேண்டும், செருப்பு போட வேண்டும், பூட்ட வேண்டும், வண்டி கிளம்பும் சத்தமும் கேட்க வேண்டும். அரை மணி நேரம் கழித்து வந்து பாருங்கள். அதற்குள்ளேயே நாய் கதவில் மோதிக் காயப்படும் என்ற சந்தேகம் இருந்தால் இரண்டு மூன்று நிமிடம் போதும்.

தனிமைப் பயம் உள்ள நாய் பெரும்பாலும் அந்த அரை மணிக்குள்ளேயே காட்டிக்கொடுத்துவிடும். பல நாய்களுக்கு முதல் ஐந்து நிமிடமே போதும். கதவுக்கும் சன்னலுக்கும் மாறி மாறி நடக்கும். கொட்டாவி விடும், உதட்டை நக்கும், வெயிலே இல்லாமல் இரைக்கும். தரையில் எச்சில் சொட்டும். பிறகு முனகல், குரைப்பு, ஊளை. பிறாண்டலும் கடியும் நாம் வெளியேறிய கதவிலோ நம்மைப் பார்க்க முடிகிற சன்னலிலோதான் அதிகம் இருக்கும். கிளம்பும்போது வைத்துவிட்டுப் போன ஆட்டுக்குடல் சோறு தொடாமல் கிடந்து, நாம் வந்த பிறகு அவசர அவசரமாகத் தின்றால் அதுவும் நல்ல அடையாளம். பயத்தில் தொண்டைக்குள் எதுவும் இறங்காது.

ஊளை விடாத நாய்க்குப் பயமே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். ஒரே இடத்தில் விறைத்து நின்று, வாலை வயிற்றோடு ஒட்டிக்கொண்டு, மணிக்கணக்கில் கதவையே பார்க்கிற நாய்களும் உண்டு. அக்கம்பக்கத்துக்குத் தொல்லை இல்லாததால் இவற்றை யாரும் கவனிப்பதில்லை.

இன்னொன்று, நாய் பயப்படுவது தனியாக இருப்பதற்கா, குறிப்பிட்ட ஓர் ஆள் இல்லாததற்கா என்று பாருங்கள். வீட்டில் பாட்டி இருந்தும், தோட்டத்துக்குப் போகிறவர் கிளம்பினால் மட்டும் ஊளையிடுகிறது என்றால் கதை வேறு. உத்தமபாளையத்தை ஒட்டிய கோம்பையிலிருந்து பெயர் பெற்ற கோம்பை நாயைப் பற்றி, ஒரே ஆளிடம்தான் ஒட்டும் என்று இங்கே பெருமையாகச் சொல்வார்கள். எந்த இன நாய்க்கும் அப்படி அமையலாம், தெருவில் எடுத்து வளர்த்த நாட்டு நாய்க்கும் சேர்த்து. அந்த நிலையில் சோறு போடுவதையும் நடக்கக் கூட்டிப் போவதையும் மற்றவர்கள் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

இது வேறு ஏதாவதாக இருக்குமா?

வீடியோவைப் பார்த்தால் சில விஷயங்கள் கழிந்துவிடும். நாய் நன்றாகத் தூங்கி எழுந்து, பத்து மணி வாக்கில் செருப்பை எடுத்துச் சாவகாசமாக மெல்கிறதா? அது சலிப்பு. தெருவில் பால்காரரோ தபால்காரரோ வரும்போது மட்டும் குரைத்துவிட்டுப் படுத்துக்கொள்கிறதா? அது காவல். நான்கிலிருந்து ஆறு மாதக் குட்டி பல் விழுந்து முளைக்கும்போது கண்டதையும் கடிக்கும். நாம் வீட்டில் இருக்கும்போதே கடிக்கும் என்பதால் தனியாகத் தெரிந்துவிடும்.

மூத்திரம்தான் தொந்தரவு என்றால் முதலில் கால்நடை மருந்தகம். சிறுநீர்த் தொற்று, சர்க்கரை நோய், சிறுநீரகக் கோளாறு எல்லாவற்றிலும் அடிக்கடி போகும். எட்டு ஒன்பது வயதைத் தாண்டிய நாய் புதிதாக இப்படித் தொடங்கினால் மூட்டு வலி, கண் மங்கல், காது மந்தம், மூளை தளர்வு என்று பார்க்க நிறைய இருக்கிறது. பயிற்சி கொடுத்து இவற்றைச் சரி செய்ய முடியாது.

சங்கிலியில் கட்டும்போதோ கூண்டில் அடைக்கும்போதோ மட்டும் வெறிபிடித்த மாதிரி ஆகி, வீட்டுக்குள் அவிழ்த்துவிட்டால் படுத்துத் தூங்குகிற நாய்களும் இருக்கின்றன. அவற்றுக்குத் தனிமை பிரச்சினையே இல்லை, அடைபடுவதுதான் பிரச்சினை. அவிழ்த்துவிட்டால் பாதி தீர்ந்தது.

ஏன் வருகிறது?

பெரும்பாலும் ஏதோ ஒரு மாற்றத்துக்குப் பின்னால் வரும். வீடு மாறியது, மகள் கல்யாணமாகிப் போனது, கூடவே இருந்த பெரியவர் இறந்தது, வளர்த்தவர் வேறொருவரிடம் கொடுத்தது. எப்போதும் ஆள் இருந்த வீடு திடீரென்று காலியாவதுதான் இவற்றுக்குப் பொது. 2020 ஊரடங்கில் வாங்கிய குட்டிகள் பலவற்றுக்கு, வீடு என்றால் ஆள் நிறைந்திருப்பது என்ற நினைப்பிலேயே வளர்ந்துவிட்டு, பிறகு வேலையும் பள்ளியும் திறந்தபோது இந்தத் தொந்தரவு வந்தது.

நம் பக்கத்தில் இந்த மாற்றம் வருஷா வருஷம் நடக்கிறது. கோடையில் தோட்ட வேலை குறைவு, பிள்ளைகளுக்கும் லீவு. நாய்க்கு நாள் முழுக்கக் கூட்டம். ஜூனில் பள்ளி திறந்து, ஆடி ஆவணியில் காய் எடுப்பு மும்முரமானதும் வீடு ஒரேயடியாகக் காலி. கொஞ்சம் பயந்த சுபாவம் உள்ள நாய்க்கு இது போதும். மே மாதப் பாதியிலேயே தினமும் சிறிது நேரம் நாயைத் தனியாக விட்டுப் பழக்கத் தொடங்குங்கள். ஜூன் முதல் வாரத்தில் தொடங்கினால் நாய்க்கு அவகாசம் இல்லை.

குட்டியாக இருக்கும்போதே

இப்போதுதான் குட்டி வாங்கப் போகிறீர்கள் என்றால் உங்கள் வேலை எளிது. எட்டு வாரத்துக்கு முன் தாயிடமிருந்து பிரித்த குட்டியை வாங்காதீர்கள். சந்தையில் கண் திறந்தும் திறக்காமலும் கொண்டுவந்து விற்பவர்களிடம் பரிதாபப்பட்டு வாங்குவதுதான் பல சிக்கல்களுக்கு ஆரம்பம்.

வந்த முதல் சில ராத்திரிகளில் குட்டியைத் திண்ணையில் கட்டிப் போட்டு, 'அழுது பழகட்டும்' என்று விடுவது நம் ஊரில் வழக்கம். வேண்டாம். அழுது ஓய்வது பழகியதாக ஆகாது, கூப்பிட்டும் யாரும் வரவில்லை என்று விட்டுவிட்டது, அவ்வளவுதான். படுக்கை பக்கத்திலேயே ஒரு அட்டைப் பெட்டியோ சாக்கோ போட்டுப் படுக்க வையுங்கள். இருக்கிறோம் என்ற தைரியம் வந்த பிறகு படுக்கையை ஒவ்வோர் அடியாகத் தள்ளிப் போடலாம்.

பகலில் குட்டி தின்று, விளையாடி, மூத்திரம் போய்த் தூக்கம் சொக்கும் நேரம்தான் தனிமைக்கு ஏற்ற நேரம். அடுப்படிக்குப் போய்க் கதவைச் சாத்திவிட்டு ஒரு நிமிடத்தில் வாருங்கள். கொல்லைப்புறம் போய் வாருங்கள். நாளுக்குப் பல முறை, ஒவ்வொரு முறையும் கொஞ்ச நேரம். எங்கே போனாலும் காலடியிலேயே வருவது அழகாகத்தான் இருக்கும். ஆனால் கழிப்பறை வாசல் வரை வந்து உட்காரும் குட்டியை, சில சமயம் கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு எலும்பு பிஸ்கட்டோடு விட்டுவிட்டுப் போவது நல்லது.

வந்த பிறகு சரி செய்வது

இனிப் பெரிய வேலை. பயம் ஏற்கெனவே குடியேறிவிட்ட நாய்க்கு என்ன செய்வது என்று வரிசையாகப் பார்ப்போம்.

ஆளில்லாத நேரத்தை நிறுத்துங்கள். பயிற்சி நடக்கும் வாரங்களில் நாய் தாங்கக்கூடிய நேரத்தைவிட அதிகமாக அதைத் தனியாக விடக் கூடாது. காலையில் பத்து நிமிடம் பழக்கிவிட்டுப் பகலில் பத்து மணி நேரம் பூட்டி வைத்தால் அந்தப் பத்து நிமிடம் வீண். படிப்பவர்கள் இங்கேதான் புத்தகத்தை மூடிவிடுவார்கள். "தினக்கூலிக்குப் போறவன் லீவு போட்டு நாயைப் பாக்க முடியுமா?" நியாயமான கேள்வி.

லீவு போட வேண்டாம். ஆளை மாற்ற வேண்டும். பல நாய்களுக்கு யாராவது ஒருவர் கூட இருந்தால் போதும், நீங்களேதான் என்று இல்லை. தெருவில் தோட்டத்துக்குப் போகாத பெரியவர் ஒருவர் எப்படியும் இருப்பார். பெட்டிக்கடைக்காரர் இருப்பார், வீட்டிலேயே தையல் மிஷின் போட்டிருக்கும் அக்கா இருப்பார். ஊளை கேட்டுச் சலித்துப்போன அந்தப் பக்கத்து வீட்டு மதினியிடமே பேசிப் பாருங்கள். "மதினி, காலைல போகும்போது இவனை உங்க திண்ணையில விட்டுட்டுப் போறேன். சோறு தண்ணி எல்லாம் நானே வெச்சிடுறேன். ஒரு ரெண்டு மாசம் மட்டும்." நாள் முழுக்க ஊளை கேட்பதைவிட அவருக்கும் இது மேல். கையில் ஏதாவது கொடுக்க முடிந்தால் கொடுங்கள். தோட்டத்தில் கங்காணியோ முதலாளியோ சம்மதித்தால் கூட்டிக்கொண்டு போகலாம் என்பார்கள் சிலர். ஏலத்துக்கு அடிக்கிற பூச்சி மருந்தை நினைத்தால் எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மருந்து ஈரம் காயாத செடிகளுக்கிடையே திரிந்துவிட்டு வந்து நாய் தன் காலைத்தான் நக்கும்.

மூணாறு, பீருமேட்டுப் பக்கம் லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், குடியிருப்பவர்களுக்கு ஒரு வசதியும் ஒரு கஷ்டமும். வீட்டுக்கு வீடு ஒரே சுவர் என்பதால் நாய் முனகினாலும் அடுத்த வீட்டுக்குக் கேட்கும். அதே காரணத்தால் யாராவது ஒருவர் பக்கத்திலேயே இருப்பார். சத்தம் தாங்காமல் ராத்திரியில் வெளியே கட்டிப் போடுவது மட்டும் கூடவே கூடாது. மலைக்காட்டில் கட்டிப் போட்ட நாய், சிறுத்தையின் கையில் கொடுத்த மாதிரி.

கிளம்பும் அடையாளங்களைச் செல்லாக்காசாக்குங்கள். நாய்க்குப் பயம் கதவு சாத்தியதும் தொடங்குவதில்லை. டிபன் கேரியர் மூடும் சத்தத்திலேயே தொடங்கிவிடும். எங்கள் பக்கத்து ஜீப் ஓட்டுநர் வீட்டில் ஒரு செவலை நாய் இருந்தது. அவர் தலைத்துண்டை உதறினால் போதும், எழுந்து கட்டிலுக்கடியில் போய்விடும். துண்டு, சாவி, தொப்பி, ஜீப் சத்தம் என்று அதற்கு ஒரு பட்டியலே மனப்பாடம்.

உங்கள் நாயின் பட்டியல் என்ன என்று கவனியுங்கள். பிறகு ஒவ்வொன்றையும் கிளம்பாமலே செய்யுங்கள். துண்டை உதறிவிட்டு டீ குடிக்க உட்காருங்கள். சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு டிவி பாருங்கள். கேரியரைத் தூக்கி வாசல் வரை போய்த் திரும்பி வந்து வையுங்கள். நாளுக்குச் சில முறை, சாவகாசமாக. நாய் தலையைத் தூக்கிக்கூடப் பார்க்காத நாள் வரும்போது அந்த அடையாளம் செத்துவிட்டது என்று அர்த்தம். ஜீப் ஹாரனைச் செல்போனில் பதிவு செய்து, கேட்டும் கேட்காத அளவுக்கு மெல்லிசாக வைத்து, நாட்கணக்கில் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போகலாம். முடிந்தால் ஓட்டுநரிடம் சொல்லி ஹாரனுக்குப் பதில் போன் அடிக்கச் சொல்லுங்கள்.

சாக்கில் படுக்கப் பழக்குங்கள். ஒரு சணல் சாக்கை நான்காக மடித்து, வாசலைப் பார்க்காத மூலையில் போடுங்கள். நாய் தானாக அதில் படுக்கும்போதெல்லாம் சத்தமில்லாமல் ஒரு துண்டு அவித்த கோழியை முன்னே வையுங்கள். படு என்று அதட்ட வேண்டாம். பிறகு நீங்கள் ஓர் அடி விலகி வந்து கொடுப்பது, ஐந்தடி விலகி வந்து கொடுப்பது, அடுத்த அறைக்குப் போய் வந்து கொடுப்பது. நம்மைப் பின்தொடராமல் படுத்திருப்பதும் நல்லதுதான் என்று நாய்க்குப் படுகிற வரை வாசல் பக்கமே போகாதீர்கள்.

கதவு. இங்கே பொறுமை வேண்டும். முதல் நாள் கதவைத் தொட்டுவிட்டு வருவது மட்டுமே பயிற்சியாக இருக்கலாம். அடுத்து தாழ்ப்பாளைத் திறந்து மூடுவது. பிறகு வெளியே ஓர் அடி வைத்து உடனே உள்ளே வருவது. பிறகு கதவைச் சாத்தி ஒரு நொடி. நிமிடக் கணக்குப் பேச்சே இன்னும் வரவில்லை. இப்போது நீங்கள் நொடியில் வேலை செய்கிறீர்கள்.

நேரத்தை ஒரே ஏறுமுகமாகக் கூட்டாதீர்கள். 3 நொடி, 5 நொடி, 2 நொடி, 8 நொடி, 1 நொடி, 6 நொடி என்று கலந்து போங்கள். ஒவ்வொரு முறையும் முந்தியதைவிடக் கஷ்டம் என்றால் நாய் சீக்கிரம் கணக்குப் போட்டுவிடும். ஒவ்வொரு முறைக்கும் நடுவே நாய் அடங்க ஒன்றிரண்டு நிமிடம் விடுங்கள். ஒரு வேளைக்கு இருபது முப்பது நிமிடத்துக்கு மேல் வேண்டாம், வாரத்தில் ஒன்றிரண்டு நாள் ஓய்வும் கொடுங்கள். வெளியே நிற்கும்போது செல்போனில் நாயைப் பார்த்துக்கொண்டே இருக்க முடிந்தால் ரொம்ப நல்லது. காது பின்னால் போகிறதா, எழுந்து கதவுக்கு வருகிறதா, உதட்டை நக்குகிறதா? அடுத்த முறை நேரத்தைப் பாதியாக்குங்கள். ஊளை வரும் வரை காத்திருந்து பிறகு உள்ளே வந்தால், அன்றைய பாடம் பயத்தில் முடிந்தது என்று அர்த்தம்.

எவ்வளவு நாளாகும்? சில நாய்களுக்கு வாரங்கள், பலவற்றுக்கு மாதங்கள். ஆறுதலான ஒரு செய்தி, கஷ்டமெல்லாம் முன்பகுதியில்தான். பயம் பெரும்பாலும் முதல் நாற்பது நிமிடத்துக்குள்ளேயே உச்சத்தைத் தொடும் என்பதால் நேரமும் அதுவரை நத்தை வேகத்தில்தான் நகரும். அதைத் தாண்டியதும் ஐந்து ஐந்து நிமிடமாகவும் பிறகு பதினைந்து நிமிடமாகவும் கூட்டலாம். ஒன்றரை மணி நேரம் நிம்மதியாகத் தாங்கும் நாய் பொதுவாக நான்கைந்து மணி நேரத்தையும் தாங்கிவிடும். அதற்கு மேலே போக அவசரப்படாதீர்கள். பயமே இல்லாத நாயாக இருந்தாலும் விடியலிலிருந்து பொழுது சாயும் வரை மூத்திரம் அடக்கிக்கொண்டு கிடப்பது கொடுமை. மத்தியானம் யாராவது ஒருவர் திறந்து விட்டு, தண்ணீர் மாற்றி, கொஞ்சம் தெருவில் நடத்திவிட்டுப் போக ஏற்பாடு செய்யத்தான் வேண்டும். பயிற்சி முடிந்த பிறகும் அது தொடர வேண்டும்.

போகும்போது "போய்ட்டு வரேன்டா தங்கம்" என்று கட்டிப்பிடித்துக் கொஞ்சுவதும், வந்ததும் ஆரவாரம் செய்வதும் வேண்டாம். அதற்காக வந்த பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு பத்து நிமிடம் பேசாமல் இருக்க வேண்டும் என்று சிலர் சொல்வதிலும் பொருளில்லை. சாதாரணமாகத் தலையைத் தடவிவிட்டு வேலையைப் பாருங்கள்.

தீனியும் நடையும்

கிளம்பும் முன் நல்ல நடை பாதி மருந்து. ஓட்டம் வேண்டாம், மோப்பம் வேண்டும். வாய்க்கால் கரையிலோ தென்னந்தோப்பிலோ நாய் தன் இஷ்டத்துக்கு முகர்ந்து முகர்ந்து நடந்தால் மனசு களைத்துப் போகும். வந்து தண்ணீர் குடித்துப் படுக்க அரை மணி நேரம் விடுங்கள். மூச்சிரைப்போடு இருக்கும்போதே கதவைப் பூட்டிக்கொண்டு போகாதீர்கள்.

வேலை கொடுக்கும் தீனி நல்லது. கடையில் விற்கும் ரப்பர் பொம்மைதான் வேண்டும் என்பதில்லை. எவர்சில்வர் டம்ளரில் தயிர்ச்சாதத்தை அழுத்தி ராத்திரியே ஃப்ரீசரில் வைத்துவிட்டால் காலையில் அதை நக்கித் தீர்க்க நேரமாகும். பழைய துண்டில் கருவாட்டுத் துணுக்கை அங்கங்கே சுருட்டி வைத்து, தேட விடலாம். உப்புக் கருவாடு என்றால் நன்றாக ஊறவைத்துக் கழுவிவிட்டு. துண்டைக் கிழித்து விழுங்கும் நாய்க்கு இது வேண்டாம். சலிப்புக்காகக் கடிக்கும் நாய்க்கு இதுவே போதும். பயந்த நாய்க்குப் போதாது. தீனி முடியும் வரை அமைதி, முடிந்ததும் ஊளை என்றால் தீனி பயத்தை மறைத்தது, மாற்றவில்லை.

வைக்கக் கூடாதவையும் உண்டு. கம்பம் பள்ளத்தாக்கில் இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். திராட்சை நாய்க்கு ஆகாது. 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய நம் பன்னீர் திராட்சையானாலும், காய்ந்த திராட்சையானாலும் சிறுநீரகத்தைக் கெடுக்கும். எவ்வளவு தின்றால் ஆபத்து என்று அளவு சொல்ல முடியாது. அதிலுள்ள டார்டாரிக் அமிலம்தான் காரணம் என்று கால்நடை மருத்துவர்கள் கருதுகிறார்கள். புளியிலும் அதே அமிலம் இருப்பதால் புளிக்குழம்பு சாதமும் வேண்டாம். சாக்லேட், வெங்காயம், வேகவைத்த கோழி எலும்பு வழக்கமான பட்டியல்.

செய்யக் கூடாதவை

அடி வேண்டாம். குரைத்தால் ஷாக் கொடுக்கும் கழுத்துப்பட்டை ஆன்லைனில் விற்கிறது, அதுவும் வேண்டாம். பயந்து கத்துகிற உயிருக்கு வலியையும் சேர்த்தால், குரலை அடக்கிவிட்டுத் தன் காலையே கடித்துப் புண்ணாக்கத் தொடங்கும். இரும்புக் கூண்டில் அடைத்தால் பல் உடையும், நகம் பிய்யும். கதவுக்குச் சேதமில்லை என்று திருப்திப்பட அதில் ஒன்றுமில்லை.

துணைக்கு இன்னொரு நாய் வாங்குவது எல்லோருக்கும் முதலில் தோன்றும் யோசனை. பெரும்பாலும் பலிப்பதில்லை, ஏனென்றால் நாய் தேடுவது இன்னொரு நாயை அல்ல, உங்களை. யாருடைய நாயையாவது சில நாள் வாங்கி வைத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

மருந்து

நாய்க்குப் பைத்தியத்துக்குக் கொடுக்கிற மாத்திரையா என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. காயப்படுத்திக்கொள்ளும் நாய்க்கும், ஒரு நிமிடத் தனிமையைக்கூடத் தாங்காத நாய்க்கும் மருந்து இல்லாமல் பயிற்சி ஏறுவது கஷ்டம். பயத்தின் உச்சியில் இருக்கும் மூளை எதையும் கற்காது. அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம் நாய்களின் தனிமைப் பயத்துக்கென்றே 1998-இல் குளோமிப்ரமினையும் 2007-இல் ஃப்ளூவாக்ஸடினையும் அனுமதித்தது. இரண்டுமே பயிற்சியோடு சேர்த்துத்தான். முழுப் பலன் தெரியச் சில வாரங்கள், சில சமயம் இரண்டு மாதம் வரை ஆகும். முதலில் பசி குறையலாம், மந்தமாகத் தெரியலாம். பலனில்லை என்று நீங்களாக நிறுத்தக் கூடாது, அளவைக் குறைத்துக்கொண்டே வந்துதான் நிறுத்துவார்கள்.

மருந்துக்கடையில் மனுஷ மாத்திரையை வாங்கிப் பாதி உடைத்துக் கொடுப்பது ஆபத்து. நாயின் எடை, கல்லீரல், ஏற்கெனவே எடுக்கும் மருந்து எல்லாம் பார்த்து மருத்துவர்தான் அளவு சொல்ல வேண்டும். அசிப்ரோமசின் மாதிரி மயக்க மருந்து மட்டும் கொடுத்தால் உடம்பு அடங்கும், பயம் அடங்காது. அசைய முடியாமல் பயந்துகொண்டு கிடக்கும். உள்ளூர் மருந்தகத்தில் மாடு ஆடு வைத்தியமே அதிகம் நடப்பதால், நாய்களின் நடத்தையைப் பார்க்கும் மருத்துவர் வேண்டும் என்றால் கால்நடைக் கல்லூரி மருத்துவமனைதான் வழி. தமிழ்நாட்டில் சென்னை வேப்பேரி, கேரளத்தில் திருச்சூர் மண்ணுத்தி, வயநாடு பூக்கோடு ஆகியவை தெரிந்த இடங்கள். போகும்போது அந்த வீடியோவைக் கையோடு கொண்டு போங்கள். அரை மணி நேர விளக்கத்தைவிட இரண்டு நிமிட வீடியோ மருத்துவருக்கு உதவும்.

இடி, வெடி, வெளியூர்

ஐப்பசி கார்த்திகையில் சாயங்கால இடிமழை, அதோடு தீபாவளி வெடி. தனிமைப் பயமும் சத்தப் பயமும் பல நாய்களுக்குச் சேர்ந்தே இருக்கும். தனியாக இருந்தபோது ஒரு பெரிய இடி விழுந்தால், மாதக்கணக்கில் பழக்கிய நாய்கூடப் பின்னுக்குப் போய்விடும். அந்த வாரங்களில் தனிமைப் பயிற்சியை நிறுத்தி வைத்துவிட்டு யாராவது கூட இருப்பதே சரி. மற்ற நாட்களில் சன்னலைச் சாத்தி ஃபேனையும் ரேடியோவையும் ஓடவிடலாம். ரேடியோவை நாம் வீட்டில் இருக்கும்போதும் அடிக்கடி போடுங்கள், இல்லாவிட்டால் அதுவே கிளம்பும் அடையாளமாகிவிடும்.

மாலை போட்டுச் சபரிமலைக்குப் போவது, கல்யாணத்துக்கு வெளியூர் போவது என்று இரண்டு நாள் வீடு பூட்ட வேண்டி வந்தால் நாயை வீட்டுக்குள் சோற்றோடு விட்டுவிட்டுப் போவது நடக்காத காரியம். தெரிந்த ஒருவர் நம் வீட்டில் வந்து படுத்துக்கொள்வது முதல் தரம். நாயை அவர் வீட்டுக்கு அனுப்புவது இரண்டாம் தரம். அப்படியானால் முன்பே சில முறை கூட்டிப் போய், அதே சாக்கை அங்கேயும் போட்டுப் பழக்குங்கள். வெறிநாய்க்கடித் தடுப்பூசி அட்டை கையில் இருக்கட்டும். கேரளத்தில் நாய் வளர்க்கப் பஞ்சாயத்து உரிமம் வாங்கவும் அந்தச் சான்று வேண்டும். புது இடத்தில் பயந்த நாய் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடினால் தேடிப் பிடிக்க, கழுத்துப்பட்டையில் உங்கள் போன் நம்பரை எழுதித் தைத்துவிடுங்கள்.

திரும்பி வந்த பிறகு பழைய நேரத்திலேயே தொடங்காதீர்கள். ஒரு மணி நேரம் தாங்கிய நாய் என்றால் பதினைந்து நிமிடத்திலிருந்து ஏறுங்கள். இரண்டாவது முறை ஏறுவது முதல் முறையைவிட வேகமாகவே நடக்கும். அரை மணி நேர வீடியோவை அவ்வப்போது எடுத்துப் பார்த்துக்கொண்டே இருங்கள், முக்கியமாக ஜூனில் பள்ளி திறக்கும் வாரத்திலும் காய் எடுப்பு தொடங்கும் வாரத்திலும்.